செஞ்சிலுவைக்கு நிழல் வைத்தவன்

பள்ளிக்கூட ஆஸ்பத்திரி, அக்கரை
ஜூன் 4

ஆர்ட்டிஸ்ட் அவர்களுக்கு,

தெருவே உங்களை அப்படித்தான் கூப்பிடுகிறது. கட்டியவள் மட்டும் ஏன் பின்தங்க வேண்டும் என்று நானும் அப்படியே ஆரம்பித்திருக்கிறேன். இங்கே வேலைக்குக் கிளம்பி வந்ததற்காக என் மேல் இன்னும் கோபம் தீரவில்லை என்றால் மடித்து வைத்துவிட்டுப் பிறகு படியுங்கள்.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பாலத்தில் எதிர்த்தரப்புச் சிப்பாய்கள் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். துணிமணியெல்லாம் புழுதியில். இடது கையில் கட்டியிருந்த வெள்ளைப் பட்டையையும் அதிலுள்ள செஞ்சிலுவையையும் முத்திரை குத்திய அட்டையையும் பார்த்த பிறகு, கவிழ்த்தவனே குனிந்து எல்லாவற்றையும் அள்ளி வைத்தான். "போங்க சிஸ்டர்" என்றான். அவனை எதிரி என்று நினைக்கவே சிரமமாக இருந்தது.

ஆஸ்பத்திரி என்பது ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடம். மூன்றாம் வகுப்பு அறைதான் ஆபரேஷன் தியேட்டர். கை கழுவும் குழாய் பிள்ளைகளுக்காக முழங்கால் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஆபரேஷனுக்கு முன்னும் பெரிய டாக்டரும் நானும் முதுகு ஒடியக் குனிந்து கழுவுகிறோம். ஹாலில் இரண்டு தரப்புக் காயக்காரர்களும் ஒன்றாகத்தான் படுத்திருக்கிறார்கள். மின்விசிறி யார் பக்கம் திரும்ப வேண்டும் என்பதுதான் அங்கே இப்போதைய யுத்தம்.

நீங்கள் பயப்பட வேண்டாம். ஆம்புலன்ஸ் டிரைவர் தங்கமான மனிதர். வந்த அன்றே என் கட்டிலின் ஆட்டத்தை டிரைவர்தான் சரிசெய்து கொடுத்தார். விமானத்திலிருந்து தெரியும்படி கூரைமேல் பெரிய செஞ்சிலுவை வரைந்ததும் டிரைவர்தான். வண்டியை உள்ளே கொண்டுவரும்போது பாடிக்கொண்டே வருவார். டிரைவர் குரல் கேட்டால் அடுத்த கேஸ் வந்துவிட்டது என்று அர்த்தம். மோசமான கேஸ்களைப் பாலம் தாண்டி நம் ஊர்ப் பெரியாஸ்பத்திரிக்கு அவர்தான் கொண்டுவருகிறார். அப்படி வரும்போது இந்தக் கடிதத்தை உங்கள் கடையில் கொடுப்பார். பதிலையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். உறையை ஒட்டாதீர்கள், பாலத்தில் பிரித்துப் பார்ப்பார்கள். நான் கூட வர முடியாது. தியேட்டருக்கு என்னை விட்டால் ஆளில்லை.

மகளுக்குத் தலை பின்னும்போது நடுவகிடு எடுங்கள். நீங்களே பின்னுங்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் விடவேண்டாம்.

மனைவி


வீடு
ஜூன் 9

சிஸ்டர் அம்மாவுக்கு,

நான் நலமாக இல்லை. நீ நலம் என்று உன் கடிதமே சொல்லிவிட்டது, அதனால் கேட்கவில்லை. வரிக்கு வரி டிரைவர் வருகிறார். நான் பின்னல் போடுகிற இடத்தில் மட்டும் வருகிறேன்.

உன் தங்கமான மனிதரைப் பார்த்தேன். பாடிக்கொண்டேதான் வந்து இறங்கினார். குரல் நன்றாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல நான் என்ன செவிடா? ஆளும் உயரம். கடைவாசலில் உட்கார்ந்து டீ குடித்தார். அரை மணி நேரத்தில் நம் மகள் அவர் மடியில். என் மடியில் உட்கார்ந்தால் "பெயிண்ட் நாத்தம்" என்று மூக்கைப் பிடித்துக்கொள்கிறவள்! போகும்போது என் தோளைத் தட்டி, "உங்க சிஸ்டர் இல்லேன்னா நாங்க எல்லாரும் அவ்ளோதான் அண்ணே" என்றார். உங்க சிஸ்டராம். எனக்கு நீ என்ன முறை என்று அவருக்கு யாராவது சொல்லிக்கொடுத்தால் நல்லது.

அவர் வண்டியின் கதவில் இருக்கும் செஞ்சிலுவையையும் பார்த்தேன். அதை யார் வரைந்தது என்று கேட்க வேண்டியதே இல்லை. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. பிரஷ் போன வழியெல்லாம் தெரிகிறது. இந்த ஊரில் பாதிக் கடைகளின் பெயர்ப்பலகை என் கையால் எழுதியது. அப்படிப்பட்டவனின் மனைவி, ஒரு டிரைவர் வரைந்த கோணல் சிலுவைக்கு அடியில் தூங்குகிறாள். கேட்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா?

இத்துடன் ஒரு மாதிரி வரைந்து வைத்திருக்கிறேன். வலது பக்கமும் அடியிலும் சாம்பல் நிறத்தில் மெல்லிய நிழல் வைத்திருக்கிறேன், கவனி. நிழல் வைக்காமல் நான் எதையும் வரைந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். நிழல் வைத்தால்தான் எழுத்து சுவரிலிருந்து எழுந்து நிற்கும். உன் பெரிய டாக்டரிடம் காட்டு. கூலி வேண்டாம், நானே வந்து வரைந்து தருகிறேன்.

உறையை ஒட்டவில்லை. டிரைவர் ஐயா, நீங்கள் இதைப் படித்தால் படித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒளிவுமறைவு கிடையாது.

உன் புருஷன் (சிஸ்டருக்குப் புருஷன் உண்டு என்பது அங்கே எல்லோருக்கும் தெரியட்டும்)


அக்கரை
ஜூன் 15

ஆர்ட்டிஸ்டுக்கு,

டிரைவர் படித்துவிட்டார். எனக்குக் கொடுப்பதற்கு முன்பே ஹாலில் எல்லோருக்கும் நடுவில் நின்று, "நம்ம சிலுவை கோணலாம், ஆர்ட்டிஸ்ட் அண்ணன் சொல்லிட்டாரு" என்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உங்கள் படத்தைப் பெரிய டாக்டரிடம் காட்டினேன். அழகாக இருக்கிறது என்றார். ஆனால் முடியாது என்றுவிட்டார். வெள்ளையில் சிவப்பு, அவ்வளவுதான். நிழல், பூ, எழுத்து, கரை எதுவும் கூடாது. "அம்மா, நாம கடை தொறக்கல. தூரத்துல துப்பாக்கியோட நிக்கிறவன் ஒரே பார்வையில புரிஞ்சுக்கணும். ரெண்டாவது தடவை யோசிக்க வச்சா நாம செத்தோம்" என்றார். அவர் கண்ணுக்கு டிரைவரின் கோணல் பெரிய குறையாகத் தெரியவில்லை.

இங்கே வந்தபிறகுதான் எனக்கே பல விஷயம் புரிந்தது. இந்தக் குறி குண்டைத் தடுக்காது. எதிரில் இருக்கிறவன் இதைப் பார்த்து, இங்கே காயம்பட்டவர்களைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று நம்பி, விரலை எடுத்துக்கொள்கிறானே, அதுதான் தடுக்கிறது. அதனால் வருகிறவர்களின் துப்பாக்கிகளை வாசலிலேயே வாங்கிவிடுகிறோம். போன வாரம் நம் தரப்புச் சிப்பாய்கள் கொஞ்சம் பேர், நல்ல உடம்புக்காரர்கள், இரவு வராந்தாவில் படுத்துக்கொள்கிறோம் என்று வந்தார்கள். பெரிய டாக்டர் சத்தம் போட்டு விரட்டினார். ஒருவன் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். டிரைவர்தான் நடுவில் புகுந்து பிரித்துவிட்டார்.

தெரியும், மறுபடியும் டிரைவர். நடந்ததைத்தானே எழுத முடியும்?

இனி நான் கேட்கிறேன். மகள் இரட்டைப் பின்னலில் ரிப்பன் வைத்து பொம்மை மாதிரி இருந்தாள் என்று டிரைவர் சொன்னார். ரிப்பன் சட்டைத் துணியிலேயே தைத்ததாம். உங்களுக்கு ஒற்றைப் பின்னலே ஒழுங்காக வராது. அந்த ரிப்பனைத் தைத்த கை யாருடையது? சாப்பாடும் அங்கிருந்துதான் வருகிறதா? நான் இங்கே குனிந்து நிமிர முடியாமல் கிடக்கும்போது என் வீட்டில் என் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு உண்டு.

மனைவி


வீடு
ஜூன் 20

சிஸ்டருக்கு,

ஆமாம், தையல்காரிதான் பின்னினாள். ரிப்பனும் அவள்தான். சாப்பாடும் இரண்டு நாளைக்கு ஒருமுறை அங்கிருந்து வருகிறது. நல்ல கைப்பக்குவம். உனக்கு உள்ளே எரிகிறதா? எரியட்டும். எனக்கு இரண்டு வாரமாக எரிகிறது, நான் யாரிடம் சொன்னேன்?

உன் டிரைவரிடம் நேற்றுக் கேட்டேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். திரும்பிப் போகிற வண்டி காலிதானே, என்னையும் ஏற்றிக்கொண்டு போங்கள், பெண்டாட்டியைப் பார்த்துவிட்டு அடுத்த டிரிப்பில் வந்துவிடுகிறேன் என்றேன். தலையைச் சொறிந்தார். "இந்த வண்டில காயம்பட்டவங்களும் நாங்களும்தான் ஏறலாம் அண்ணே. உங்கள ஏத்தினா நாளைக்கு என்னை நம்ப மாட்டாங்க. மன்னிச்சுக்கோங்க" என்றார். எவ்வளவு பணிவு பார்த்தாயா! தினமும் உன்னைப் பார்க்கிறவன், நான் உன்னைப் பார்க்கக் கூடாது என்று எனக்குச் சட்டம் சொல்கிறான்.

எனக்கு ஒன்று புரியவில்லை. உன் கையில் ஒரு சிலுவை. அவன் கையில் ஒன்று. தலைக்கு மேல் கூரையில் ஒன்று. நீங்கள் இரண்டு பேரும் ஒரே குறிக்கு அடியில் பத்திரமாக இருக்கிறீர்கள். நானும் மகளும் இங்கே வெறும் ஓட்டுக்கு அடியில். எங்களுக்கு என்ன குறி? முந்தாநாள் மூன்றாவது தெருவில் குண்டு விழுந்தபோது மகள் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "அம்மாகிட்ட இருக்கிற சேப்புப் படத்த நம்ம வீட்லயும் வரைப்பா" என்றாள்.

நேராகவே கேட்கிறேன். அவனுக்கும் உனக்கும் நடுவில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை என்று ஒரு வரி எழுது, நம்பிவிடுகிறேன். நம்ப முயற்சி செய்கிறேன்.

எழுதாவிட்டாலும் வியாழக்கிழமை நேரில் கேட்பேன். உன் தம்பியின் லாரி அக்கரைக்கு மாவு கொண்டுபோகிறது. மாவு லாரியைப் பாலத்தில் நாள் முழுக்கக் காக்கவைக்கிறார்களாம். நிற்காமல் போக ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். மச்சானுக்கும் சந்தோஷம்.

உன் புருஷன்


அக்கரை
ஜூன் 24

வரவேண்டாம்.

எந்த வழி? என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்? என் தம்பி சந்தோஷப்படுகிறான் என்றாலே எனக்குப் பகீர் என்கிறது. அவன் லாரியில் மாவு மட்டும் ஏற்றுகிறவன் இல்லை என்று உங்களுக்குத் தெரியாதா? யார் எதைக் கொடுத்தாலும் ஏற்றுவான்.

உங்கள் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன். கேட்டதே அசிங்கம். தையல்காரி விஷயத்தில் நான் கேட்டதும் அசிங்கம்தான் என்று சொல்வீர்கள். இருக்கட்டும்.

டிரைவர் காலையில் கிளம்புகிறார். இது வியாழனுக்கு முன்னால் உங்கள் கைக்கு வந்துவிடும். மகளை விட்டுவிட்டு எங்கும் போகாதீர்கள்.


அக்கரை
ஜூன் 28

இதை நிவாரணக்காரர்களிடம் கொடுத்தனுப்புகிறேன், அவர்கள் பையைப் பாலத்தில் பிரிப்பதில்லை, பதிலையும் அவர்களிடமே கொடுங்கள். இத்துடன் இருக்கும் 24ஆம் தேதிக் கடிதம் உங்களுக்கு வரவில்லை. அது டிரைவரின் சட்டைப் பையிலேயே இருந்தது. கறை படிந்திருக்கிறது, மகள் கண்ணில் படாமல் படியுங்கள்.

புதன்கிழமை வண்டி கிளம்பவே இல்லை, ஷெல்லடி விடவில்லை. வியாழன் காலை அவர் ஸ்ட்ரெச்சரை ஏற்றிக்கொண்டிருந்தபோது வாசலருகே ஒன்று விழுந்தது. அவருக்கு வயிற்றில். பெரிய டாக்டர் திறந்து, ரத்தத்தை நிறுத்தி, தற்காலிகமாக மூடினார். இங்கே ஏற்றுவதற்கு ரத்தம் இல்லை, மேற்கொண்டு செய்ய வசதி இல்லை. உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைப்பார் என்றார். எங்கள் வார்டுக்காரர், நோயாளிகளைத் தூக்கி இறக்குகிறவர், வண்டியை எடுத்தார். வந்த நாளிலிருந்து முதல் தடவையாக நான் தியேட்டரை விட்டுவிட்டு வண்டியில் ஏறினேன். நம் ஊருக்கு வருகிறோம், மகளைப் பார்க்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அதையும் மறைக்கவில்லை.

பாலத்தில் நிறுத்திவிட்டார்கள்.

எங்களுக்கு முன்னால் ஒரு லாரி ஓரங்கட்டி நின்றது. மாவு மூட்டைகளைக் கிழித்துப் போட்டிருந்தார்கள், ரோடே வெள்ளை. மூட்டைக்கு அடியில் மரப்பெட்டிகள். துப்பாக்கி ரவை. கைகளைப் பின்னால் கட்டி என் தம்பியைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். அவன் என்னைப் பார்க்கவில்லை, பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தான். லாரியின் இரண்டு கதவிலும் செஞ்சிலுவை. அளவு பிசகாத, அழகான செஞ்சிலுவை. வலது பக்கமும் அடியிலும் சாம்பல் நிறத்தில் மெல்லிய நிழல்.

பத்து வருஷமாக அந்தக் கையோடு குடித்தனம் செய்கிறேன். எனக்கு அடையாளம் தெரியாதா?

அன்றைக்கு என் துணிகளை அள்ளி வைத்தானே, அதே சிப்பாய்தான். "உங்க சிலுவைய நம்பித்தான் இந்த லாரிய முதல்ல விட்டோம், அப்புறம்தான் சந்தேகப்பட்டு மறிச்சோம். இனிமே நம்பறதா இல்ல. எல்லாரும் இறங்குங்க" என்றான். ஸ்ட்ரெச்சரோடு அவரை இறக்கி ரோட்டில் வைத்தார்கள். மெத்தையைக் கிழித்தார்கள். ஆக்சிஜன் சிலிண்டரைத் தட்டிப் பார்த்தார்கள். பஞ்சு டப்பாவைக் கூடக் கொட்டினார்கள். மேலதிகாரி வரட்டும் என்றார்கள். நான் கத்தினேன், கெஞ்சினேன், காலில் கூட விழப் போனேன். அந்தச் சிப்பாயின் கண்ணும் கலங்கியது. ஆனால் விடவில்லை. அவனை நான் திட்ட முடியுமா? அவன் நம்பினான், அந்த நம்பிக்கையை யாரோ ஏமாற்றினார்கள்.

மதியத்துக்கு மேல் டிரைவர் உயிர் போய்விட்டது. தண்ணீர் கேட்டார். வயிற்றுக்காயத்துக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. துணியை நனைத்து உதட்டில் வைத்தேன்.

இன்னும் இருக்கிறது. என் தம்பி அடிக்குப் பயந்து, "ஆஸ்பத்திரிக்காரங்கதான் வரைஞ்சு குடுத்தாங்க" என்று சொல்லிவிட்டான். எதிர்த்தரப்பிலிருந்து பெரிய டாக்டருக்கு எச்சரிக்கை வந்திருக்கிறது. குறியைத் தவறாகப் பயன்படுத்தியது ஆஸ்பத்திரி இல்லை என்று நிரூபிக்காவிட்டால், அடுத்த வார ஞாயிறுக்குப் பிறகு, அதாவது ஜூலை 6க்குப் பிறகு, எங்கள் கூரைமேல் இருப்பதும் அவர்களுக்கு வெறும் பெயிண்ட்தான். அதுவரை எங்கள் வண்டி எதுவும் பாலம் தாண்ட முடியாது. ஹாலில் மூன்று பேருக்கு இங்கே வைத்தியம் இல்லை. அதில் இரண்டு பேர் எதிர்த்தரப்புப் பிள்ளைகளே.

வரைந்தது நீங்கள்தானே? ஒரு வரி எழுதுங்கள்.


வீடு
ஜூலை 1

நான்தான்.

வியாழக்கிழமை காலையில் மகளுக்கு உடம்பு நெருப்பாகச் சுட்டது. அதனால் ஏறவில்லை. இல்லாவிட்டால் உன் தம்பி பக்கத்தில் நானும் கைகட்டி உட்கார்ந்திருப்பேன். மாவு என்றுதான் நினைத்தேன். சத்தியமாகப் பெட்டிகள் எனக்குத் தெரியாது. மாவுக்கு அந்தச் சிலுவையைப் போடலாமா என்று கேட்காதே. அது காயம்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்று நீ எழுதியிருந்தாய். படித்தேன். படித்துவிட்டுத்தான் வரைந்தேன். உன்னைப் பார்க்க எல்லோருக்கும் வழி இருக்கிறது, எனக்கு மட்டும் இல்லை என்ற எண்ணம் தலைக்கேறிவிட்டது. நிழலை வைக்கும்போது, அவனுடையதை விட இது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

மன்னித்துக்கொள் என்று எழுதி அடித்துவிட்டேன். எழுதத் தகுதி இல்லை.

நான் போய்ச் சொன்னால் சுட்டுவிடுவார்கள். உன் தம்பி ஆஸ்பத்திரிதான் என்று சொல்லிவிட்டான், நான் வேறு சொன்னால் அவன் கதி என்ன? மகளுக்கு யார் இருக்கிறார்கள்? கூரைமேல் இருப்பதை அழித்துவிட்டு எல்லோரும் வேறு இடத்துக்குப் போய்விட முடியாதா? உன் பெரிய டாக்டர் படித்தவர், அவர் பேசினால் கேட்க மாட்டார்களா?

இதை எழுதாமல் இருக்க வேண்டும் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் வந்தேன். முடியவில்லை. அவன் போகும்போது நீ அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாயா?


அக்கரை
ஜூலை 3

பிடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். செத்துப்போன மனிதரிடமும் உங்களுக்குப் பொறாமை தீரவில்லை என்றால் அதையும் தெரிந்துகொள்ளுங்கள். எங்களுக்கு நடுவில் ஒன்றும் இல்லை. அவர் குரல் எனக்குப் பிடிக்கும். அது கேட்டால் அன்றைய நாள் கொஞ்சம் லேசாக இருக்கும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. போன மாதமே இந்த இரண்டு வரியை எழுதியிருக்கலாம். ரோஷம் விடவில்லை. எழுதியிருந்தால் நீங்கள் பிரஷைத் தொட்டிருக்க மாட்டீர்களோ என்று தூக்கம் வராமல் புரள்கிறேன்.

பெரிய டாக்டரிடம் சொல்லிவிட்டேன். லாரியில் இருந்தது என் புருஷன் கை என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வார்டுக்காரர் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டார், அவரும் டிரைவரும் ஒரே அறையில் இருந்தவர்கள். என் வாக்கு பாலத்தில் செல்லாதாம். ஆஸ்பத்திரி நர்ஸ் ஆஸ்பத்திரியைக் காப்பாற்றப் பேசுகிறாள் என்பார்கள். வரைந்தவன் வாயால் வந்தால்தான் உண்டு.

வேறு இடத்துக்குப் போகச் சொல்கிறீர்கள். குழாய் மாட்டிய வயிற்றோடு கிடப்பவனை எந்த முதுகில் தூக்கிக்கொண்டு போவது? நான் இங்கேதான் இருப்பேன். ஞாயிறுக்குப் பிறகும் இங்கேதான். இது மிரட்டல் இல்லை, எனக்கு வேறு வழி தெரியவில்லை.

சுட மாட்டார்கள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. தானாக வந்து சொல்கிறவனை விசாரிக்காமல் எதுவும் செய்யக் கூடாது என்று பெரிய டாக்டர் சொல்கிறார். அந்தச் சட்டத்தைத்தான் நாம் முதலில் உடைத்தோம், அவர்கள் மட்டும் காப்பாற்ற வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். வாருங்கள் என்று எழுத என் கை வரவில்லை. வராதீர்கள் என்று எழுதவும் வரவில்லை.

போவதானால் மகளைத் தையல்காரியிடம் விடுங்கள். அவள் நன்றாகப் பின்னுகிறாள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.


பாலத்துக் கொட்டகை
ஜூலை 7

உனக்கு,

வெள்ளிக்கிழமை வந்துவிட்டேன். உயிரோடு இருக்கிறேன். இந்தக் காகிதமும் பென்சிலும் அவர்கள் கொடுத்தது, எழுதி முடித்ததும் படிப்பார்கள். பழகிப்போய்விட்டது, உன் டிரைவர் படித்த மாதிரி.

மகள் கேட்டதற்கு, அம்மா வேலை செய்கிற பக்கம் போகிறேன் என்றேன். தையல்காரி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ சொன்னதாகச் சொன்னபோதுதான் அழுதாள்.

அதிகாரி முதலில் நம்பவில்லை. "பொண்டாட்டி உள்ள மாட்டிக்கிட்டா, அதான் நீ பழிய ஏத்துக்க வந்துட்ட" என்றார். நான் என்ன சாட்சி காட்டுவது? ஒரு பலகையும் பெயிண்டும் கேட்டேன். சிப்பாய்கள் கூடி நின்றார்கள். பிரஷைப் பிடித்தேன். வரைந்து முடித்து நிழலும் வைத்தேன். அந்தப் பலகையை லாரிக் கதவோடு ஒட்டவைத்து அதிகாரி இரண்டு நிழலையும் ஒப்பிட்டுப் பார்த்தார். உன் தம்பியையும் கூட்டிவந்தார்கள். என்னைப் பார்த்ததும், "மாமா, நீங்க எதுக்கு வந்தீங்க" என்று ஓவென்று அழுது எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பெட்டிகளை யார் ஏற்றினார்கள் என்பது வரை.

"அன்னைக்கு ரோட்ல ஒருத்தர் செத்தாரு, தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார். தெரியும் என்றேன். எங்கள் கடைக்கு வந்து டீ குடித்திருக்கிறார், என் மகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார், அவரை எனக்குப் பிடிக்காது என்றேன். ஏன் இதையெல்லாம் சொன்னேன் என்று தெரியவில்லை. அதிகாரி ஒரு கத்தியைக் கொடுத்து லாரியில் இருப்பதை நானே சுரண்டச் சொன்னார். மாலை வரை சுரண்டினேன். நல்ல பெயிண்ட், சுலபத்தில் வரவில்லை. விரலெல்லாம் புண்.

எங்களை என்ன செய்யப்போகிறார்கள் என்று சொல்லவில்லை. இங்கிருந்து வேறெங்கோ கொண்டுபோய் விசாரிப்பார்களாம். வருஷக்கணக்கில் ஆகலாம் என்று அந்தச் சிப்பாய், உன் துணியை அள்ளி வைத்தவன், ரகசியமாகச் சொன்னான். மகளிடம் எப்படிச் சொல்வது என்று நீயே முடிவு செய். நீ சொன்னால் அவள் கேட்பாள்.

இன்று காலை கொட்டகையின் கம்பி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கரையிலிருந்து ஆம்புலன்ஸ் வந்தது. அதே கோணல் சிலுவை. முன் சீட்டில் நீ. இளைத்துவிட்டாய். கையில் பட்டை கட்டியிருந்தாய். பின்னால் படுத்திருந்த யாரையோ திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். கூப்பிட்டால் நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து மூடிக்கொண்டேன்.

பக்கத்தில் புது டிரைவர். மீசைக்காரன், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறான். அவன் ஏதோ சொன்னான், நீ தலையை ஆட்டினாய். எனக்கு எரியவில்லை என்று எழுதினால் பொய். எரிந்தது, நன்றாகவே எரிந்தது.

ஆனால் உங்கள் வண்டியை யாரும் நிறுத்தவில்லை. அந்தச் சிப்பாய் கதவைப் பார்த்தான், தடுப்புக் கட்டையைத் தூக்கினான், நீ போய்விட்டாய்.